மஞ்சள் மசாலாப் பாலில் பில்டர் காப்பி: முதன்முறை போடுவோருக்கான வழிமுறை

மஞ்சள் பாலையும் பில்டர் காப்பியையும் ஒரே டம்ளரில் சேர்க்க முயன்றவர்களில் பலர், மஞ்சள் தூள், காப்பி, பால் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, வாயில் வைக்க முடியாத கசப்பைக் கண்டு அந்த முயற்சியை அன்றோடு கைவிட்டிருக்கிறார்கள். அந்தக் கசப்பு, பொருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் வந்தது அன்று. எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் ஏற்றியதால் வந்தது. மஞ்சளுக்குக் கொதி வேண்டும். கொதிக்காத மஞ்சளில் பச்சை வாடையும் காறலும் நிற்கும். டிகாஷனுக்குக் கொதி ஆகாது. வடிந்த டிகாஷனை மறுபடி கொதிக்கவிட்டால் மணம் போய்க் கசப்பு மட்டுமே மிஞ்சும். ஆகவே மஞ்சள் பாலைத் தனியாகவும் டிகாஷனைத் தனியாகவும் முழுமையாகச் செய்து முடித்து, அடுப்பை அணைத்த பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் அளவும் நேரமும் வரிசையும் இந்த ஒன்றைக் காப்பதற்காகவே.

இது செட்டிநாட்டு வீடுகளின் பழைய பானம் என்று நான் சொல்ல மாட்டேன். மஞ்சள் பால் சளிக்கும் தொண்டைக் கட்டுக்கும், காப்பி காலையிலும் மாலையிலும் என்று இரண்டும் தனித்தனியாகவே இங்கே புழங்கி வந்தன. ஆயினும் இதன் சுவை இந்தப் பக்கத்து நாக்குக்கு அந்நியமானதன்று. சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட காப்பியும், கருப்பட்டி போட்ட கடுங்காப்பியும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என எந்த ஊரிலும் பழகியவையே. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு பாதயாத்திரை போகும் நகரத்தார் கூட்டம் பனிக்காலத்தில் இரவிலும் விடியலிலும் நடக்கும்போது, வழியில் தொண்டைக்கு இதமாகக் கிடைப்பது சுக்குக் காப்பிதான். மிளகு, சுக்கு, பட்டை, ஏலம் ஆகியவை இரண்டாங்கட்டு அடுப்படியில் எப்போதும் இருப்பவை. எனவே புதிதாகக் கற்க வேண்டியது அளவும் வரிசையும் மட்டுமே. ஐப்பசி மழையில் தொடங்கித் தை முடியும் வரை இந்தப் பானம் உடம்புக்கும் மனத்துக்கும் நன்றாக ஒத்துப்போகிறது. சித்திரை வெயிலில் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு டம்ளருக்கு வேண்டியவை

கீழ்க்காணும் அளவு, 150 மில்லி கொள்ளும் டம்ளர் இரண்டுக்கு உரியது. பால் 250 மில்லி, தண்ணீர் 50 மில்லி, மஞ்சள் தூள் தலைதட்டிய கால் தேக்கரண்டி, மிளகு நான்கு, சுக்குத் தூள் இரண்டு சிட்டிகை, ஏலக்காய் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டைத் துண்டு, நெய் கால் தேக்கரண்டி, இனிப்பு தேவைக்கேற்ப. டிகாஷனுக்குக் காப்பித் தூள் 20 கிராமும் தண்ணீர் 120 மில்லியும் வேண்டும். வீட்டில் தராசு இல்லையென்றால், மேசைக்கரண்டியில் சற்றுக் குவித்து மூன்று கரண்டி எடுத்தால் ஏறக்குறைய 20 கிராம் வரும்.

மஞ்சளைப் பற்றி

இந்தப் பானம் சரியாக வருவதும் வராததும் பெரும்பாலும் மஞ்சளைப் பொறுத்தது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் மஞ்சள் என்று கேட்டால் விரலி மஞ்சள், குண்டு மஞ்சள், கஸ்தூரி மஞ்சள் என்று மூன்று வகை காட்டுவார்கள். நமக்கு வேண்டியது விரலி மஞ்சள். கஸ்தூரி மஞ்சள் பூச்சுக்கு உரியது. அதைப் பாலில் போடக் கூடாது. குண்டு மஞ்சளைப் பெரும்பாலும் முகத்தில் தேய்த்துக் குளிக்க வாங்குவார்கள். தமிழ்நாட்டில் மஞ்சளுக்குப் பேர்போன சந்தை ஈரோடு. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல விரலியை ஒடித்தால் உலோகத்தைத் தட்டினாற்போன்ற ஓசையுடன் பட்டென முறியும். உள்ளே ஆரஞ்சு கலந்த ஆழ்ந்த மஞ்சள் நிறம் தெரியும். வளைந்து கொடுத்தால் சரியாகக் காயவில்லை என்று பொருள். மேற்புறம் மட்டும் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்து கையில் ஒட்டினால் மேலே நிறம் பூசியிருக்கலாம்.

கால் கிலோ விரலியை வாங்கி, கழுவித் துடைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, உரலில் இடித்துத் துண்டாக்கி, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வதே சிறந்த வழி. மிளகாய் அரைத்த கையோடு மஞ்சளை அரைத்துவிட்டால் அந்தக் காரம் பாலில் தெரியும் என்பதால், மில்லில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அரைத்த தூளை வெளிச்சம் படாத டப்பாவில் வைக்க வேண்டும். மஞ்சளின் நிறத்துக்கும் குணத்துக்கும் காரணமான குர்குமின் என்னும் பொருள் வெளிச்சத்தில் சிதையும் தன்மை உடையது. அடுப்படி ஜன்னலோரத்தில் கண்ணாடிச் சீசாவில் வைத்த மஞ்சள் நாளடைவில் வெளுப்பது இதனால்தான்.

பாக்கெட் தூள்தான் கிடைக்கிறது என்றால், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டித் தூளைப் போட்டுக் கலக்காமல் விட்டுப் பாருங்கள். நல்ல தூள் அடியில் படிந்து, மேல் தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுவதும் அடர்ந்த மஞ்சளாக மாறினால் செயற்கை நிறம் கலந்திருக்கிறது என்று ஐயுறலாம். அந்தத் தூளைப் பாலில் மட்டுமன்று, குழம்பிலும் சேர்க்க வேண்டாம்.

பொங்கல் சமயத்தில் மஞ்சள் கொத்து வரும்போது பச்சை மஞ்சளையும் பயன்படுத்தலாம். அரை அங்குலத் துண்டைத் தோல் சீவித் துருவிச் சேர்த்தால் போதும். அதன் மணம் மாங்காய் இஞ்சியை நினைவூட்டும் இளமையான மணம். காப்பியோடு அது தூளைவிட நன்றாகச் சேர்வதாகவே நான் கருதுகிறேன்.

அளவைக் கூட்டிவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். மிளகோடு சேர்த்தால் மஞ்சள் உடம்பில் அதிகமாகச் சேரும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். இதற்கு அடிப்படையாக எடுத்துக்காட்டப்படுவது பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வு. மிளகில் உள்ள பைப்பரின், குர்குமின் இரத்தத்தில் சேர்வதைப் பல மடங்கு கூட்டியது என்று அது காட்டியது உண்மைதான். ஆனால் அதில் கொடுக்கப்பட்டது பிரித்தெடுத்த குர்குமின் 2 கிராம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் மூன்று விழுக்காடு என்று கொண்டால், கால் தேக்கரண்டித் தூளில் இருப்பது இருபது மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். ஆய்வில் கொடுத்த அளவைப் பாலில் கொண்டுவர வேண்டுமானால் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் கலக்க வேண்டும். அதை எவரும் குடிக்க முடியாது, குடிக்கவும் கூடாது. எனவே மிளகு சேர்ப்பது நல்லது என்று சேர்த்துக்கொண்டு, மருந்தாக எண்ணி மஞ்சளை அள்ளிப் போடாமல் சுவைக்கு வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

மற்ற மசாலாப் பொருள்கள்

மிளகை முழுதாகப் போடாமல் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ள வேண்டும். நைசாகப் பொடித்தால் வடிகட்டியில் தங்காமல் தொண்டையில் கரகரக்கும். ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர்ச் சரக்கு நம் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. பச்சை நிறம் மாறாத, நசுக்கினால் உள்ளே கறுத்த பிசுபிசுப்பான விதை தெரியும் காயாகப் பார்த்து எடுக்கவும். பட்டையில், தடித்த மரத்தோல் போன்ற சாதாரணப் பட்டையைவிட, மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும் இலங்கைச் சுருள்பட்டை இந்தப் பானத்துக்கு ஏற்றது. அது இனிமையானது, காரம் குறைந்தது. இலங்கையோடு கொண்டுவிற்ற குடும்பங்கள் மிகுந்த இவ்வூர்களில் அந்தப் பட்டையைத் தேடிப்பிடிப்பது கடினமன்று.

செட்டிநாட்டுச் சமையல் என்றவுடன் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு ஆகியவற்றையும் சேர்க்கத் தோன்றும். இவற்றுக்கு இங்கே இடமில்லை. கல்பாசியும் மராட்டி மொக்கும் எண்ணெயில் தாளித்துக் கறியோடு வேகும்போதுதான் தம் மணத்தைத் தருகின்றன. பாலில் அவை மண்வாடையாகவே நிற்கும். சோம்பு காப்பியின் மணத்தை அமுக்கிவிடும். கிராம்பை விரும்புவோர் இரண்டு டம்ளருக்கு ஒன்றே ஒன்று போடலாம்.

இஞ்சிக்குப் பதிலாகச் சுக்கைச் சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைத் திரியச் செய்யும் நொதி இருக்கிறது. அது கொதிக்காத, ஆனால் நல்ல சூடுள்ள பாலில் வேகமாக வேலை செய்யும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் இதைக் கொண்டே பாலை உறையச் செய்து ஓர் இனிப்பு ஆக்குகிறார்கள். கொதி நீரில் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே இஞ்சிதான் வேண்டும் என்பவர்கள் அதைத் தட்டித் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பாலை ஊற்ற வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் சுக்கிலேயே தொடங்குவது பாதுகாப்பு.

பாலும் இனிப்பும்

குர்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகையால் கொழுப்பு ஓரளவாவது உள்ள பால் வேண்டும். ஆவின் பாக்கெட்டில் நீலம் 3 விழுக்காடும், பச்சை 4.5 விழுக்காடும், ஆரஞ்சு 6 விழுக்காடும் கொழுப்புடையவை. இந்தப் பானத்துக்குப் பச்சைப் பாக்கெட் பாலே சரியானது என்பது என் முடிவு. ஆரஞ்சு நிறப் பாக்கெட் பாலில் ஆடை தடித்து மசாலா மணத்தை மூடிவிடுகிறது. நீலத்தில் செய்தால் நெய்யைத் தவறாமல் சேர்க்க வேண்டும். வீட்டிலோ பக்கத்திலோ கறந்த பசும்பால் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை; அதற்குத் தண்ணீரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

இனிப்புக்குப் பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெள்ளைச் சீனி எதுவும் ஆகும். பனங்கற்கண்டுதான் மஞ்சளையும் காப்பியையும் ஒருசேரத் தாங்குகிறது. கருப்பட்டிக்குத் தனக்கே உரிய அழுத்தமான சுவை இருப்பதால் அது காப்பியை மிஞ்சும். இராமநாதபுரம் பக்கத்துக் கருப்பட்டியின் சுவையை விட மனம் வராதவர்கள், அதைச் சிறிது தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, பாகாக வைத்துக்கொள்ள வேண்டும். வெல்லமோ கருப்பட்டியோ கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் பால் திரிந்துபோகக் கூடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, டம்ளரில்தான் சேர்க்க வேண்டும். பால் திரியாமலிருக்கச் சமையல் சோடா ஒரு சிட்டிகை போடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பதைப் போலவே, சோடா சேர்ந்தாலும் மஞ்சள் சிவந்து பாலின் நிறம் கெடும், சுவையும் சவர்க்காரமாகிவிடும்.

காப்பித் தூளும் டிகாஷனும்

தூள் வாங்கும்போது சிக்கரியின் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான பால் காப்பிக்கு 70க்கு 30 என்னும் கலவையை விரும்புவோர் பலர்; சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருந்தாக வேண்டும் என்பதால், அந்த எல்லை வரை சிக்கரி மிகுந்த தூள்களும் கடையில் உண்டு. மஞ்சளுக்கு ஏற்கனவே ஒரு மண்சார்ந்த கசப்பு இருக்கிறது. சிக்கரியின் கசப்பும் அதே இனத்தைச் சேர்ந்தது. இரண்டும் கூடினால் காப்பியின் சுவை அடியில் போய்விடும். எனவே 85க்கு 15 அல்லது 80க்கு 20 என்ற அளவில் கேட்டு அரைத்து வாங்குங்கள். பிளான்டேஷன் ‘ஏ’ என்னும் அராபிகா வகைக் கொட்டையும், பீபரி என்னும் ஒற்றைப் பருப்புக் கொட்டையும் சமமாகக் கலந்த தூள் நன்றாக இருக்கும். ரொபஸ்டா மிகுந்த தூள் இதற்குக் கடுமை. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் அராபிகா கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். ஏலமும் மிளகும் ஆரஞ்சும் ஊடே வளரும் தோட்டங்களில் விளைந்த கொட்டை அது, மசாலாவோடு இணக்கமாக இருக்கிறது. எங்கு வாங்கினாலும் அரைத்த தூளைப் பத்துப் பதினைந்து நாளுக்கு வேண்டிய அளவுக்கு மேல் வாங்க வேண்டாம்.

தண்ணீரும் கவனிக்க வேண்டிய ஒன்று. உப்புச் சார்ந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் டிகாஷன் மங்கலாகவும் சப்பென்றும் இறங்கும். காரைக்குடியின் சம்பை ஊற்று நீரைப் பற்றி ஊரார் பெருமையாகப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. அத்தகைய நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் குடிதண்ணீரை மட்டுமே காப்பிக்கு எடுக்க வேண்டும்.

பில்டரின் மேல் பாத்திரத்தைக் கொதிநீரில் அலசி, ஈரம் துடைத்து, கீழ்ப் பாத்திரத்தின்மேல் பொருத்துங்கள். தூளைப் போட்டு, பக்கவாட்டில் இலேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். கையாலோ கரண்டியாலோ அழுத்த வேண்டாம். காம்புள்ள அமுக்கியைத் தூளின்மேல் அதன் சொந்தக் கனத்திலேயே உட்கார வைத்தால் போதும். தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்து, முதலில் இரண்டு மேசைக்கரண்டி அளவு மட்டும் தூள் முழுவதும் நனையும்படி வட்டமாக ஊற்றுங்கள். தூள் உப்பி மணம் எழும்பும். மேலும் அரை நிமிடம் கழித்து மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிடுங்கள். இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். காப்பித் தூள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதால், 120 மில்லி ஊற்றினால் 80 மில்லியை ஒட்டித்தான் கீழே இறங்கும். பாலில் மஞ்சளும் மசாலாவும் இருப்பதால் டிகாஷன் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். இந்த அளவு அதற்காகவே.

ஐந்து நிமிடத்துக்குள் முழுவதும் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பாக இருக்கிறது அல்லது தூள் குறைவு. இறங்காமலேயே நின்றால் தூள் மிக நைசாக இருக்கலாம், அழுத்தியிருக்கலாம், ஓட்டைகள் அடைத்திருக்கலாம். அப்போது மேல் பாத்திரத்தை ஒரு கணம் சற்றே தூக்கி வைத்தால், கீழே சிக்கியிருந்த காற்று வெளியேறி மறுபடி சொட்டத் தொடங்கும். இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றி இறக்கும் டிகாஷனை இந்தப் பானத்துக்குச் சேர்க்க வேண்டாம். மெலிந்த டிகாஷன் மஞ்சளின் முன் நிற்காது.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடைகளில் அழகான பழைய பித்தளை பில்டர்களும் டபராக்களும் கிடைக்கின்றன. வாங்குவதானால் உட்புறம் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு தேய்ந்து பித்தளை நேராகத் தெரிந்தால், மறுபூச்சுப் போடாமல் அதில் காப்பியையோ பாலையோ வைக்கக் கூடாது. பழகும் வரை எவர்சில்வர் பில்டரே போதுமானது.

மஞ்சள் பால் காய்ச்சுதல்

டிகாஷன் பாதி இறங்கிய நிலையில் பாலைத் தொடங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராகும். அடிகனமான சிறிய பாத்திரத்தில் நெய்யை விட்டு, சிறு தீயில் சூடாக்கி, மஞ்சள் தூளையும் தட்டிய மிளகையும் போட்டுப் பத்து எண்ணும் வரை மட்டும் கிளறுங்கள். மஞ்சள் நெய்யோடு சேர்ந்து மணம் வரும். இந்த இடத்தில் தொலைபேசி மணி அடித்தாலும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கருகிய மஞ்சளின் கசப்பை எந்த இனிப்பும் தீர்க்காது. உடனே தண்ணீரை ஊற்றி, சுக்குத் தூள், பட்டை, தட்டிய ஏலக்காய் ஆகியவற்றைச் சேர்த்து, மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சை மஞ்சளும் பச்சை இஞ்சியும் சேர்ப்பவர்கள் அவற்றை இந்தத் தண்ணீரில்தான் போட வேண்டும்.

பிறகு பாலை ஊற்றுங்கள். பழைய பாலா என்று ஐயமிருந்தால் முன்னதாகவே ஒரு கரண்டிப் பாலைத் தனியே காய்ச்சிப் பார்த்துக்கொள்ளலாம். பால் பொங்கி வரும்போது தீயைக் குறைத்து, ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். இடையிடையே அடியோடு கிளறிவிட வேண்டும். மஞ்சள் அடியில் படிந்து பிடிக்கும் இயல்புள்ளது. பச்சை வாடை நீங்கியதா என்பதை மூக்கே சொல்லிவிடும்: முதலில் மண்ணும் மருந்துமாக இருந்த மணம், பாலின் இனிய மணத்துக்குள் அடங்கிவிடும். நிறமும் வெளிறிய மஞ்சளிலிருந்து சந்தன நிறத்துக்கு வரும். அதற்கு மேல் பத்து, பதினைந்து நிமிடம் என்று கொதிக்க விடுவதில் பயனில்லை. நீண்ட கொதியில் குர்குமின் குறையும், பாலும் சுண்டிப் பாயசத் தன்மைக்குப் போய்விடும்.

அடுப்பை அணைத்து மூடி இரண்டு நிமிடம் வைத்த பிறகு வடிகட்டுங்கள். சாதாரணத் தேநீர் வடிகட்டியில் மிளகும் பட்டையும் தங்கும். மஞ்சளின் நுண்ணிய வண்டல் தங்காது. அது டம்ளரின் அடியில் படிந்து கடைசி இரண்டு வாயைக் கெடுக்கும் என்பதால், வடிகட்டியின்மேல் சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணியை விரித்து வடிப்பதை நான் வலியுறுத்துவேன்.

சேர்த்தல், ஆற்றுதல்

டம்ளரில் முதலில் இனிப்பைப் போட்டு, அதன்மேல் 30 மில்லி டிகாஷனை ஊற்றி, இனிப்புக் கரையக் கலக்குங்கள். அதன்மேல் சூடான மஞ்சள் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். டிகாஷன் சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. சூடான பாலுக்குள் அதை மொத்தமாகக் கொட்டுவதைவிட, டிகாஷனில் பாலை ஊற்றுவது நிறத்தையும் சுவையையும் பார்த்துப் பார்த்துத் திட்டப்படுத்த உதவும். டிகாஷன் ஆறிப்போயிருந்தால் அதை அடுப்பில் வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீருக்குள் இறக்கி வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம்.

பிறகு டபராவுக்கும் டம்ளருக்குமாக மூன்று நான்கு முறை ஆற்றுங்கள். நுரை எழும், மசாலாவின் நெய்ப்பசை பாலோடு ஒன்றாகும். சரியாக வந்தால், முதல் மடக்கில் காப்பியும், விழுங்கும்போது ஏலமும் பட்டையும், விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகும் சுக்கும் மஞ்சளும் தெரிய வேண்டும். முதல் மடக்கிலேயே மஞ்சள் முன்வந்து நின்றால், அடுத்த முறை மஞ்சளைக் குறைக்க வேண்டுமே தவிர டிகாஷனைக் கூட்டக் கூடாது. கூட்டினால் கசப்பின்மேல் கசப்பாகும். தொண்டையில் காறல் மட்டும் நின்றால் மஞ்சள் போதுமான அளவு கொதிக்கவில்லை. காப்பியே தெரியவில்லை என்றால் டிகாஷன் மெலிவு. மீதமிருக்கும் 20 மில்லியைப் பகிர்ந்து ஊற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

விருந்தினர் வந்திருக்கும் நாளில் பத்து டம்ளர் போட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கிவிடக் கூடாது. பால் ஒன்றேகால் லிட்டர், காப்பித் தூள் 100 கிராம், அதற்குத் தண்ணீர் 600 மில்லி என்பவை கணக்குப்படியே இருக்கட்டும். மஞ்சள் ஒரு தேக்கரண்டியோடு நிற்கட்டும். மிளகு பதினைந்து, ஏலக்காய் நான்கு, பட்டை மூன்று துண்டு போதும். பெரிய பாத்திரத்தில் பால் நீண்ட நேரம் சூட்டில் இருப்பதால் மசாலா கூடுதலாக இறங்கும். பாலையும் டிகாஷனையும் தனித்தனியே சூட்டில் வைத்துக்கொண்டு, குடிப்பவர் வந்து உட்கார்ந்த பின் ஒவ்வொரு டம்ளராகக் கலப்பதே முறை. வீட்டு ஆச்சிமார் சிலர் வந்தவரிடம், “அண்ணே, உங்களுக்குக் காப்பி தூக்கலா, பால் தூக்கலா?” என்று கேட்டுவிட்டுத்தான் கலப்பார்கள், இந்தப் பானத்துக்கு அந்தக் கேள்வி மிகவும் தேவை. குழந்தைகளுக்கு டிகாஷன் இல்லாமல் மஞ்சள் பாலை மட்டும் கொடுக்கலாம்.

யார் எவ்வளவு குடிக்கலாம்

இது மஞ்சள் பால் என்பதால் இரவு படுக்கும் முன் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். இதில் இருப்பது முழுமையான காப்பி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, 150 மில்லி வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் இருக்கும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காப்பியைத் தவிர்க்கும்படியும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் காப்பி தடுக்கும் என்பதே காரணம். இரத்தசோகை உள்ளவர்கள் இதை அவசியம் மனத்தில் கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

கலந்த பானத்தை எடுத்துவைத்து மறுபடி சூடாக்கிக் குடிப்பது சரிவராது. மஞ்சள் பாலைத் தனியாகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அன்று மாலைக்கு ஆகும். டிகாஷனை மூடிவைத்தால் மறுநாள் காலை வரை தாங்கும். அதற்குமேல் வைத்த டிகாஷன் புளிக்கும், பாலையும் திரித்துவிடும்.

வடித்த துணியை உடனே அலசுங்கள். சவர்க்காரம் பட்டதும் கறை சிவந்து தெரிந்தால் கலங்க வேண்டாம். தண்ணீரில் அலசிய பிறகு மஞ்சளுக்குத் திரும்பும். ஈரத்தோடு நேர் வெயிலில் விரித்தால் இரண்டொரு நாளில் பெரும்பாலும் வெளுத்துவிடும். பில்டருக்குச் சவர்க்காரம் போடாமல் வெந்நீரில் மட்டும் கழுவுவது நல்லது, அதன் வாடை ஓட்டைகளில் தங்கும். ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தின் அடிப்பகுதியை இடுக்கியால் பிடித்துச் சற்று நேரம் தீயில் காட்டி, சிக்கியிருக்கும் தூள் கருகியதும் ஆறவைத்துத் தட்டி, குண்டூசியால் ஒவ்வொரு ஓட்டையையும் குத்திவிட்டுக் கழுவி, ஈரம் போகக் கவிழ்த்து வையுங்கள்.